உளியில் பொறித்த பெயரும் பொறிக்காத பெயர்களும்

1796ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துச் சாத்தம் நகரைச் சேர்ந்த ஜோசப் சீட்டன் என்பவர், தச்சுத் தொழிலில் இறங்கவிருந்த தம் மகன் பெஞ்சமினுக்காக இலண்டன் கருவி வணிகர் கிறிஸ்டோபர் கேப்ரியலிடம் ஒரு முழுத் தொகுதிக் கருவிகளை வாங்கினார். இழைப்புளிகள், உளிகள், ரம்பங்கள், அரங்கள், துரப்பணங்கள் என ஒரு தச்சனுக்குத் தேவையான யாவும் அதில் இருந்தன. மகன் அவற்றை வைப்பதற்குத் தன் கையாலேயே அழகிய பெட்டி ஒன்றைச் செய்தான். ஒவ்வொரு கருவியின் பெயரையும் விலையையும் எழுதிப் பட்டியலும் இட்டான். அதன் பின் நேர்ந்ததுதான் விந்தை. அக்கருவிகளை அவன் அதிகம் பயன்படுத்தவே இல்லை. ரம்பத்தின் பற்கள் தேயவில்லை. உளிகள் சாணையில் குறுகவில்லை. பெட்டி தலைமுறை தாண்டி ராச்செஸ்டர் நகர அருங்காட்சியகத்தை அடைந்தது. இன்று பழங்கருவி ஆராய்ச்சியாளர் எவரும் 18ஆம் நூற்றாண்டின் கருவி ஒன்றைக் காலங்கணிக்க முற்படும்போது முதலில் நாடுவது இந்தப் பெட்டியைத்தான்.

உழைத்த கருவிகள் அழிந்துபோயின. உழைக்காத கருவிகளே சான்றாக எஞ்சின. ஒரு நல்ல தச்சனின் உளி அவன் வாழ்நாளிலேயே பாதியாகத் தேய்ந்துவிடும். எஞ்சியதை மகன் தீட்டுவான். பேரன் அதை நெம்புகோலாக்குவான். பிறகு அது பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஓடாத தேரும் பூசிக்காத சிலையும் நெடுநாள் நிலைப்பது போன்ற நிலை இது. ஆகவே பழங்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் விபத்துகளையே நம்ப வேண்டியிருக்கிறது. 1545இல் மூழ்கி 1982இல் கடலடியிலிருந்து மீட்கப்பட்ட 'மேரி ரோஸ்' கப்பலில் தச்சரின் கருவிகள் இருந்தன. சுவீடனின் காட்லாந்து தீவில் 1936இல் உழவர் ஒருவரின் கலப்பையில் சிக்கிய மரப்பெட்டி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வைக்கிங் காலத்துக் கொல்லன் ஒருவனின் கருவிகளைத் தந்தது. சேற்றிலும் கடலிலும் சோம்பலிலும் தப்பியவை இவை.

சீட்டன் பெட்டியின் ரம்பங்களில் 'கென்யன்' என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஜான் கென்யன், ஷெஃபீல்டு நகரத்து ரம்பத் தொழிலதிபர். பழங்கருவிகளைத் தேடுவோர் எந்தத் திசையில் புறப்பட்டாலும் இறுதியில் வந்து சேரும் ஊர் இந்த ஷெஃபீல்டு. ஐந்து சிற்றாறுகள் மலைச்சரிவில் இறங்கிவரும் அந்நகரில் நீர்ச்சக்கரங்கள் சாணைக்கற்களைச் சுழற்றின. சாணைக்கு ஏற்ற மணற்கல் அருகிலேயே கிடைத்தது. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அங்குக் கத்தி செய்வோரின் சங்கம் அமைந்தது. ஒவ்வொரு கைவினைஞனும் தனக்குரிய முத்திரையைச் சங்கத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பிறர் அதைப் பயன்படுத்தலாகாது. இரும்பில் பெயர் பொறிக்கும் வழக்கத்துக்கு இவ்வாறு சட்டத்தின் வலிமை கிடைத்தது. பிற்காலத்தில் எழுத்தோடு உருவங்களும் சேர்ந்தன. மார்பிள்ஸ் நிறுவனத்தின் உளியில் மூவிலைச் செடியும், ராபர்ட் சோர்பியின் உளியில் கங்காருவும் இடம்பெற்றன. கடல் கடந்து விற்ற உளியை, எழுத்தறியாத தச்சனும் அந்த உருவைக் கொண்டு கேட்டு வாங்க முடிந்திருக்கும்.

முத்திரையைக் கொண்டு காலம் கணிப்பது ஒரு தனிக்கலை. உளியின் மேல் நிறுவனப் பெயரோடு 'மகன்கள்' என்னும் சொல் சேர்ந்திருந்தால் ஒரு காலம்; 'வரையறுக்கப்பட்டது' என்பதன் சுருக்கம் சேர்ந்திருந்தால் வேறொரு காலம். நகர வணிகக் கையேடுகளில் அந்நிறுவனம் எந்தத் தெருவில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தது என்று தேடி ஒப்பிட்டுப் பார்ப்பர். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால், பெரும்பாலும் அது 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருள்கள் மேல் பிறந்த நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஆனால் நாட்டின் பெயர் இல்லாமை பழமைக்குச் சான்றாகாது. உள்நாட்டில் விற்றவற்றுக்கு அந்த விதி இல்லை. தொடக்கநிலைச் சேகரிப்பாளர் பலர் இந்த இடத்தில் தடுக்கி விழுவதுண்டு.

அதைவிடப் பெரிய சிக்கல் பெயரே பொய் சொல்வது. 'ஐ. சோர்பி' என்னும் முத்திரையை எடுத்துக்கொள்வோம். சோர்பி குடும்பத்தின் பெயர் அது. அதைப் பின்னாளில் டர்னர் நேலர் என்னும் நிறுவனம் தன் உளிகளில் பொறித்தது. அந்நிறுவனத்தை 20ஆம் நூற்றாண்டில் மார்பிள்ஸ் வாங்கியபோது பெயரும் கைமாறியது. மார்பிள்ஸ் பட்டறையில் வார்ந்த உளிகளிலும் ஐ. சோர்பி என்றே அடித்தனர். வாங்கும் தச்சனுக்கு அந்தப் பெயரில் நம்பிக்கை இருந்தது. விற்பவருக்கு அது போதும். இறந்தவர் பெயரில் எழுதப்பட்ட தனிப்பாடல்களைப் பிரித்தறிய முயன்ற பதிப்பாசிரியர்களின் துன்பம் இங்கே நினைவுக்கு வரலாம்.

முத்திரைகளுள் மிகுதியாகக் காணப்படுவது எந்த நிறுவனத்தின் பெயருமன்று. 'வார்ப்பெஃகு' என்று பொருள்படும் இரு சொற்களே அவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஷெஃபீல்டின் உளி, ரம்பம், இழைப்புளியின் அலகு ஆகியவற்றில் இச்சொற்களைக் காணலாம். உளியை அச்சில் வார்த்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. உளி சுத்தியலால் அடித்து உருவாக்கப்பட்டதே. அதற்கான எஃகுதான் மூசையில் உருக்கிக் கட்டியாக வார்க்கப்பட்டது. இந்த முறையைக் கண்டவர் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன். டான்காஸ்டர் ஊரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அவருக்குக் கடிகாரச் சுருள்வில்லுக்கேற்ற சீரான எஃகு கிடைக்கவில்லை. 1740ஆம் ஆண்டையொட்டி ஷெஃபீல்டுக்கு அருகே குடியேறி, களிமண் மூசையில் எஃகை முழுவதும் உருக்கும் வழியைப் பல தோல்விகளுக்குப் பின் கண்டார். உள்ளூர்க் கத்திக்காரர்கள் அந்த எஃகு மிகக் கடினமாக இருக்கிறதென்று வாங்க மறுத்தனர் என்றும், அவர் பிரான்சுக்கு விற்றார் என்றும், பிரெஞ்சுக் கத்திகள் தங்கள் கத்திகளை வெல்லத் தொடங்கிய பிறகே ஊரார் கண்விழித்தனர் என்றும் சொல்வர். பனி பெய்த ஓர் இரவில் பிச்சைக்காரன் வேடத்தில் ஒருவர் உலைக்கூடத்தில் ஒதுங்கி இரகசியத்தைத் திருடிச் சென்றார் என்பது செவிவழிக் கதை. நல்ல கதை, எனவே ஐயத்தோடு ஏற்க வேண்டியது.

ஹண்ட்ஸ்மனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மூசையில் எஃகு செய்தவர்கள் தென்னிந்தியக் கொல்லர்கள். மேலை நாட்டார் 'ஊட்ஸ்' என்று அழைத்த அந்த எஃகின் பெயர், உருக்கு என்பதோடு தொடர்புடைய 'உக்கு' என்னும் கன்னடச் சொல்லின் திரிபு என்பது பலர் ஏற்கும் கருத்து. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் ராயல் கழகத்தில் அதைப் பற்றிய ஆய்வுரையை அளித்தார். இலண்டனில் அறுவைக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் ஊட்ஸ் எஃகின் சிறப்பைத் தம் கடை விளம்பரச் சீட்டிலேயே அறிவித்தார். அவரும் இளைஞரான மைக்கேல் ஃபாரடேயும் அதன் இயல்பை அறியும் சோதனைகளை 1820இலும் 1822இலும் வெளியிட்டனர்.

இந்த வரலாற்றில் பரங்கிப்பேட்டைக்கும் ஓர் இடம் உண்டு. மதராஸ் ஆட்சிப்பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், பணியை விடுத்து 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலத்து இரும்புக்கல்லும் காட்டுக்கரியும் அதற்கு மூலப்பொருள்கள். தமிழகக் கொல்லர்கள் எஃகு செய்யும் முறையை அவர் அருகிருந்து பார்த்தார். 1839இல் வெளியான கட்டுரையொன்றில் அதை விவரித்தார். இரும்புத் துண்டுகளைச் சிறு மூசையில் இட்டு, உலர்ந்த ஆவாரங்கட்டையை நறுக்கிச் சேர்த்து, மேலே பச்சை எருக்கிலை போன்றவற்றால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துத் துருத்தியால் ஊதுவர் என்பது அவர் தரும் செய்தி. சங்கப் பாடல்களில் ஆவிரையையும் எருக்கையும் மடலேறும் காதலனின் மாலையாகவே கண்டு பழகியவர்களுக்கு, அவை கொல்லுலை மூசைக்குள்ளும் புகுந்து இரும்பை எஃகாக்கின என்பது வியப்பாக இருக்கும்.

அதே 1839இல் ஹீத் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை பெற்றார். மூசையில் சிறிதளவு மாங்கனீசுச் சேர்மத்தை இட்டால், குறைந்த தர இரும்பிலிருந்தும் பற்றவைக்கத்தக்க நல்ல எஃகு கிடைக்கும் என்பதே அவர் கண்டது. ஷெஃபீல்டு அதனைப் பற்றிக்கொண்டது. எஃகின் விலை பெருமளவு குறைந்தது. ஆனால் காப்புரிமையில் எழுதியிருந்த சேர்மத்துக்குப் பதிலாக மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையில் இட்டாலும் அதே பயன் விளையும் என்று மற்றவர்கள் கண்டுகொண்டனர். பணம் செலுத்தாமல் தப்பினர். வழக்குத் தொடுத்தார் ஹீத். அன்வின் என்பவருக்கு எதிரான அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு பிரபுக்கள் அவை வரை சென்றது. அது முடியும்வரை அவர் உயிரோடு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷெஃபீல்டு அனுப்பிய கணக்கற்ற உளிகளில் அவர் கண்ட முறையின் பயன் இருந்தது. அவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. ஆவாரங்கட்டை நறுக்கிய கொல்லர்களின் பெயர் இல்லாததைச் சொல்லவே வேண்டாம்.

பெயர் இல்லாதவர்கள் ஷெஃபீல்டுக்குள்ளேயும் ஏராளம். ஓர் உளியில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதனை உருவாக்கிய கைகளோ பல. மூசைக்கான களிமண்ணைத் தொழிலாளி வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதித்துப் பதப்படுத்துவான். காற்றுக்குமிழி ஒன்று தங்கினாலும் மூசை உலையில் வெடித்துவிடும். அப்படிச் செய்த மூசை மூன்று உருக்குகளுக்கு மேல் தாங்குவது அரிது. உருகிய எஃகு நிறைந்த மூசையைத் தரைமட்டத்து உலைக்குழியிலிருந்து இடுக்கியால் தூக்குபவன், நனைத்த சாக்குகளைக் கால்களில் சுற்றிக்கொண்டு குழியின் மேலேயே நிற்பான். பிறகு அடிப்பவன், பதம் ஏற்றுபவன், சாணை பிடிப்பவன், பிடி போடுபவன். இவர்களுள் பலர் எவரிடமும் மாதச் சம்பளம் வாங்கியவர்களல்லர். சிறு அறையையோ ஒரு சாணைக்கல்லையோ வாடகைக்கு எடுத்து, பெரிய நிறுவனங்களுக்குத் துண்டுக்கணக்கில் வேலை செய்து கொடுத்தவர்கள். வேலை இவர்களுடையது, முத்திரை நிறுவனத்தினுடையது.

சாணைக்காரரின் நிலை மிகக் கொடியது. மரச்சேணத்தில் குதிரையேறியவன்போல் அமர்ந்து, சுழலும் கல்லின் மேல் குனிந்திருப்பான். கல்தூளும் இரும்புத்தூளும் நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் விட்டுத் தீட்டுபவர்களைவிட உலர்கல்லில் முட்கரண்டி தீட்டுபவர்களுக்குக் கேடு மிகுதி. உலர்சாணைக்காரரின் சராசரி ஆயுள் 35ஐ எட்டுவதே அரிது, ஈரச்சாணைக்காரர் 45ஐத் தாண்டுவது அரிது என்னும் ஷெஃபீல்டு மருத்துவர் ஒருவரின் கூற்றை ஏங்கெல்ஸ் 1845இல் தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

அரம் கொத்துவோர் மற்றொரு வகையினர். எந்திரம் பரவும்வரை அரத்தின் ஒவ்வொரு பல்லும் சிற்றுளியாலும் சுத்தியலாலும் கொத்தப்பட்டது. அரம் ஒரு பக்கம் கொத்தி முடிந்து மறுபக்கம் திருப்பப்படும்போது, முன்பு கொத்திய பற்கள் சிதையாமலிருக்க அதன் அடியில் ஈயக்கட்டியை வைப்பர். நாள் முழுவதும் ஈயத்தூள் விரலில் ஒட்டும். விரலை நாவால் நனைத்து உளியைப் பிடிப்பது அவர்கள் வழக்கம். சில ஆண்டுகளில் மணிக்கட்டு செயலிழந்து தொங்கிவிடும். சுற்றியுள்ள சிற்றூர்களில் பெண்களும் இதே தொழிலைச் செய்தனர். கையால் கொத்திய அரத்தை அடையாளம் காண்பது எளிது: எந்திரத்தின் வரிகள் பிசகின்றி ஒன்றுபோலிருக்கும், கை கொத்தியதில் இம்மியளவு ஏற்றத்தாழ்வு தெரியும். அந்த ஏற்றத்தாழ்வுதான் அரம் நன்றாக ராவுவதற்குக் காரணம் என்று பழைய தொழிலாளர் வாதிட்டனர். தற்பெருமையாகத் தோன்றலாம். ஆனால் ஒழுங்கற்ற பற்கள் ஒரே தடத்தில் விழுவதில்லை என்பதால் பரப்பில் வரிவடு விழாது என்பது உண்மையே. கையால் கொத்திய மர அரங்களை இன்றும் பிடிலும் நாற்காலியும் செய்வோர் விரும்பி வாங்குகின்றனர்.

இத்தனை கைகளின் வரலாறு கருவியில் எழுதப்படாமலேயே போயிருக்கும், கென் ஹாலி என்னும் கருவிக் கடைக்காரர் ஷெஃபீல்டில் பிறந்திராவிட்டால். 1927இல் பிறந்த ஹாலி, கருவி விற்பதையே தொழிலாகக் கொண்டவர். கடைக்குச் சரக்கெடுக்கப் பட்டறை பட்டறையாகச் சென்றவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. சேகரிப்பாளர்கள் அழகிய இழைப்புளிகளையும் கருங்காலியும் பித்தளையும் இழைத்த துரப்பணங்களையும் தேடிக்கொண்டிருந்தார்கள். அவற்றைச் செய்த கருவிகளை எவரும் கேட்கவில்லை. ஒரு பட்டறை மூடப்படும்போது, விற்கத்தக்க சரக்கு விற்கப்படும். கட்டளைப் பலகைகளும் அளவுச் சட்டங்களும் பாதி முடிந்த உருப்படிகளும் குப்பைக்குப் போகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் ஷெஃபீல்டின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. மின்கருவிகளும் மலிவான இறக்குமதிகளும் வந்துவிட்டன. ஹாலி குப்பைக்குப் போகவிருந்தவற்றை எடுத்து வந்தார். கருவியோடு அதைச் செய்த கருவியையும், முழு உருவோடு அதன் ஒவ்வொரு நிலையையும் சேர்த்தார். விலைப்பட்டியல்கள், நிழற்படங்கள், ஒலிப்பதிவுகள் ஆகியவையும் அவருடைய தொகுப்பில் இடம்பெற்றன. பல பத்தாயிரம் பொருள்கள் கொண்ட அத்தொகுப்புக்குக் கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் 2010இல் தனிக்கூடம் திறக்கப்பட்டது. 2014இல் அவர் காலமானார்.

ஹாலியின் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. உலகில் இதனினும் பெரிய, இதனினும் விலையுயர்ந்த கருவித் தொகுப்புகள் இருக்கலாம். ஆனால் கத்தரிக்கோல் ஒன்றை, இரும்புத் துண்டாக இருந்த நிலை முதல் முடிந்த நிலை வரை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, நிறுவனத்தின் பெயர் கடைசி நிலைகளில்தான் வருகிறது என்பதைக் கண் தானே கண்டுகொள்கிறது. ஓலைச்சுவடிகளைத் தேடியலைந்தவர்கள் நூலை மட்டுமே தேடினர்; ஏடு வாரியவனின் கத்தியையும் எழுத்தாணி செய்த கொல்லனின் சுத்தியலையும் எவரும் எடுத்துவைக்கவில்லை. ஹாலி எடுத்துவைத்தார்.

இனிப் புதுப்பித்தல் பற்றி. துருவேறிய பழங்கருவி கையில் கிடைத்ததும் அதைப் பளபளக்கச் செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு எழுவது இயல்பு. காடியில் ஊறவைப்பர், சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் செலுத்தித் துருவைப் பிரிப்பர், கம்பிச் சக்கரத்தால் தேய்ப்பர். முதல் இரண்டும் கவனத்தோடு செய்தால் பெருங்கேடு இல்லை. கம்பிச் சக்கரம் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. ரம்பத்தின் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் அமிலத்தால் மிக மெல்லியதாக அரித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால், துருவோடு எழுத்தும் போய்விடும். தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெயிட்டு மெதுவாகத் தேய்த்தால் பள்ளத்தில் கருமை தங்கி எழுத்து எழும்பி வரும். ஒரே வேலைதான், கையின் பொறுமையைப் பொறுத்துப் பெயர் வாழ்கிறது அல்லது சாகிறது.

மர இழைப்புளியின் முன்முகம் இன்னும் நுட்பமானது. செய்தவரின் பெயர் அங்கே அடிக்கப்பட்டிருக்கும். அதன் மேலும் கீழும் வேறு பெயர்கள் தெரியும்: இழைப்புளியை வாங்கிய தச்சர்கள், தங்கள் பெயரச்சால் அடித்தவை. சில இழைப்புளிகளில் மூன்று நான்கு பெயர்கள் அடுத்தடுத்து இருக்கும்; முன்னவர் பெயரை அழிக்காமல் பின்னவர் அருகிலேயே தம் பெயரை அடித்திருப்பார். எவ்விதக் கையேட்டிலும் இடம்பெறாத தச்சர் பலருக்கு இதுவே எஞ்சிய ஒரே எழுத்துச் சான்று. முன்முகத்தை இழைத்துச் சுத்தம் செய்து மெழுகிடுபவர் சில நிமிடங்களில் நூற்றைம்பது ஆண்டுகளின் உரிமைப் பட்டியலை அழித்துவிடுகிறார். எனவே அருங்காட்சியகத்தார் துரு பரவாமல் நிறுத்துவதோடு கை ஓய்வர். ஆனால் கருவி என்பது வேலை செய்வதற்காகவே பிறந்தது, தீட்டாமல் கண்ணாடிப் பேழையில் வைப்பது அதற்குச் செய்யும் அவமதிப்பு என்பவர்களும் உண்டு. இருசாராருள் எவரையும் முற்றிலும் தவறு என்பதற்கில்லை. அலகைத் தீட்டலாம், முகத்தைத் தொடலாகாது என்று நடுவழி காண்போரே மிகுதி. சீட்டன் பெட்டியின் தீட்டப்படாத ரம்பங்களை அளந்து, அதே அளவில் புதியன செய்து விற்பவர்களும் உள்ளனர். மூலம் பேழையில் உறங்க, படி உழைக்கிறது.

அரம் கொத்துவோரின் சுத்தியல்கள் இப்போதும் பழம்பொருள் ஏலங்களில் அவ்வப்போது வருவதுண்டு. தலை கனமானது, பிடி நேராக இராது, கொத்துபவனை நோக்கிச் சாய்ந்திருக்கும். அவற்றில் நிறுவனத்தின் பெயரும் அபூர்வம், உடையவன் பெயரும் அபூர்வம். ஆனால் நெடுநாள் உழைத்த பிடியில், கட்டைவிரல் அழுந்திய இடத்தில் மரம் குழிந்திருக்கும். வாங்குபவர்களில் சிலர் அந்தப் பிடி தேய்ந்துபோனதென்று கழற்றியெறிந்துவிட்டுப் புதுப்பிடி போட்டுவிடுகிறார்கள்.